பயனர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று சர்வரில் அறிவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: ஏஎஸ்பி.நெட் வெப் ஃபார்ம்ஸில் எழுதிய ஒரு செயலி. ஆர்டர் விவரப் பக்கத்துக்குப் பட்டியலிலிருந்தும் வரலாம், தேடல் முடிவிலிருந்தும் வரலாம், மாத அறிக்கையிலிருந்தும் வரலாம். ‘திரும்பு’ பட்டனை அழுத்தினால் வந்த இடத்துக்கே போக வேண்டும். ரிக்வெஸ்ட்.யூஆர்எல்ரெஃபரர் சில நேரம் சரியாக இருக்கிறது, சில நேரம் காலியாக இருக்கிறது, சில நேரம் விவரப் பக்கத்தின் முகவரியையே காட்டுகிறது, சில நேரம் வெறும் டொமைன் மட்டும் வருகிறது. ஏன் இப்படி, எதை நம்புவது?

நீங்கள் சொன்ன நான்கு நிலைகளும் பிழையல்ல. அந்தப் பிராப்பர்ட்டி எப்படி வேலை செய்ய வேண்டுமோ அப்படியே செய்கிறது. வந்த பக்கத்தின் முகவரியைச் சர்வர் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. பிரவுசர் ரெஃபரர் என்ற ஹெடரில் (கோரிக்கையோடு போகும் தகவல் வரியில்) எழுதி அனுப்புவதை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். அனுப்புவதா, எவ்வளவு அனுப்புவது என்பதைப் பிரவுசரும் முந்தைய பக்கமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அதனால் புள்ளிவிவரத்துக்கும், வேறு வழியில்லாதபோது ஒரு மாற்றாகவும் ரெஃபரரை வைத்துக்கொள்ளுங்கள். செயலியின் நடத்தை வந்த இடத்தைச் சார்ந்திருந்தால், அந்த முகவரியை நீங்களே லிங்க்கில் சேர்த்து அனுப்புங்கள்.

முதலில் படிக்கும் முறை. பிஎச்பியில் சர்வர் அரேயில் எச்டிடிபி_ரெஃபரர் என்ற சாவி. ஜாங்கோவில் ரிக்வெஸ்ட்.மெட்டாவில் அதே சாவி, 2.2 பதிப்பிலிருந்து ரிக்வெஸ்ட்.ஹெடர்ஸ் வழியாகவும் எடுக்கலாம். ஃபிளாஸ்க்கில் ரிக்வெஸ்ட்.ரெஃபரர். ஜாவா சர்வ்லெட்டில் கெட்ஹெடர். ஏஎஸ்பி.நெட் கோரில் யூஆர்எல்ரெஃபரர் என்ற பிராப்பர்ட்டியே கிடையாது, ரிக்வெஸ்ட்.ஹெடர்ஸிலிருந்து நேராக எடுக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1945 என்ற எச்டிடிபி ஆவணத்திலேயே இந்த ஹெடரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் நடுவில் ஒரு ‘ஆர்’ விடுபட்டுவிட்டது. இன்றுவரை ஹெடர் அப்படியே இருக்கிறது. ஆனால் ரெஃபரரில் எவ்வளவு அனுப்பலாம் என்று சொல்ல பின்னால் வந்த ரெஃபரர்-பாலிசி ஹெடரில் இரண்டு ‘ஆர்’. மாற்றி எழுதினால் எந்த எச்சரிக்கையும் வராது, மதிப்பு காலியாகத்தான் வரும். எக்ஸ்பிரஸின் ரிக்.கெட் மட்டும் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்.

யூஆர்எல்ரெஃபரர் உங்களுக்கு ஸ்ட்ரிங் தருவதில்லை, யூஆர்ஐ பொருளாகத் தருகிறது. ஹெடரே இல்லையென்றால் ‘நல்’, அதாவது மதிப்பே இல்லை. ஏதாவது ஒரு பாட் (தானியங்கி நிரல்) கன்னாபின்னாவென்று எழுதி அனுப்பியிருந்தால் யூஆர்ஐஃபார்மட் எக்செப்ஷன் எழும். ஆகவே நல் சோதனை மட்டும் போதாது, டிரை-கேட்சும் வேண்டும். பிழைப் பதிவில் திடீர் திடீரென்று இந்த எக்செப்ஷன் தெரிந்தால் காரணம் இதுதான்.

அதே பக்கத்தின் முகவரி ஏன் வருகிறது?

வெப் ஃபார்ம்ஸில் எந்த பட்டனை அழுத்தினாலும் பக்கம் தனக்கே போஸ்ட் செய்துகொள்கிறது. அந்த போஸ்ட் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியது? விவரப் பக்கத்திலிருந்து. பிரவுசர் அதைத்தான் ரெஃபரரில் எழுதும். ‘திரும்பு’ பட்டனின் கிளிக் ஹேண்ட்லருக்குள் யூஆர்எல்ரெஃபரரைப் படித்தால், ஒவ்வொரு முறையும் இதே பக்கம்தான் கிடைக்கும்.

படிக்க வேண்டிய இடம் பேஜ்_லோட், அதுவும் இஸ்போஸ்ட்பேக் பொய்யாக இருக்கும் முதல் வருகையில் மட்டும். அப்போது கிடைத்ததை வியூஸ்டேட்டில் போட்டு வைத்து, கிளிக் ஹேண்ட்லரில் அங்கிருந்து எடுங்கள். வியூஸ்டேட் பக்கத்தோடு மறைபுலமாகப் போய்த் திரும்புவதால், ஒரே பயனர் மூன்று டேப் திறந்திருந்தாலும் ஒவ்வொன்றும் தன் கணக்கை வைத்திருக்கும். பிஎச்பி, ஜாங்கோ போன்றவற்றில் இதற்கு ஈடு ஒரு மறைபுல ஃபீல்டு. படிவத்தில் பிழை காட்டி மீண்டும் வரைகிற இடத்தில் அந்த ஃபீல்டின் பழைய மதிப்பையே திரும்ப எழுத வேண்டும். அங்கே ரெஃபரரைப் புதிதாகப் படித்தால் படிவத்தின் முகவரி வந்து உட்கார்ந்துவிடும்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு சுழல் பாக்கி. பட்டியலிலிருந்து விவரப் பக்கம், அங்கிருந்து திருத்தும் பக்கம், சேமித்ததும் ரீடைரக்ட் ஆகி மறுபடி விவரப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது விவரப் பக்கத்துக்கு வரும் ரெஃபரர் திருத்தும் பக்கம். ‘திரும்பு’ அழுத்தினால் திருத்தத்துக்குப் போகும். அங்கே ‘ரத்து’ அழுத்தினால் விவரத்துக்கு வரும். பயனர் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வார், பட்டியல் கண்ணிலேயே படாது. ரெஃபரரை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க வழியில்லை. ‘வந்த பக்கம்’ என்பதற்கு ரெஃபரர் கொடுக்கும் பொருள் ஒரே ஒரு படி முன்னால். பயனர் மனதில் இருப்பதோ இந்த வேலையைத் தொடங்கிய இடம்.

காலியாகவும் வெறும் டொமைனாகவும் வருவது

முகவரியை நேராகத் தட்டினாலோ, புக்மார்க்கிலிருந்து திறந்தாலோ ரெஃபரர் வராது. கணினியில் நிறுவிய மெயில் மென்பொருளிலிருந்து வருபவை, கைபேசிச் செயலிகளிலிருந்து திறக்கும் லிங்க்குகள் பெரும்பாலும் அப்படியே. லிங்க்கில் ரெல் பண்புக்கு ‘நோரெஃபரர்’ என்று போட்டிருந்தாலும் வராது. எச்டிடிபிஎஸ் பக்கத்திலிருந்து வெறும் எச்டிடிபி பக்கத்துக்குப் போனால் அனுப்பக் கூடாது என்று 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9110 சொல்கிறது. யூஆர்எல்லில் ஹாஷ் குறிக்குப் பின்னால் இருப்பது எந்த நிலையிலும் வராது. பட்டியலின் எந்த டேப் திறந்திருந்தது என்பதை ஹாஷில் வைத்திருந்தால் சர்வருக்கு அது தெரியப்போவதே இல்லை.

வெறும் டொமைன் வருவதற்குக் காரணம் இப்போதைய இயல்பு பாலிசி. அதன் பெயர் ‘ஸ்ட்ரிக்ட்-ஒரிஜின்-வென்-கிராஸ்-ஒரிஜின்’. குரோம் 85 (2020), ஃபயர்ஃபாக்ஸ் 87 (2021) முதல் எந்தப் பாலிசியும் சொல்லாத பக்கங்களுக்கு இதுதான் பொருந்தும். ஒரே ஒரிஜினுக்குள் முழு முகவரியும் போகும், வேறு ஒரிஜினுக்கு ஸ்கீமும் டொமைனும் போர்ட்டும் மட்டும் போகும். பலர் சறுக்குவது ஒரிஜின் என்றால் என்ன என்பதில். முன்னால் மூன்று டபிள்யூ இருக்கும் டொமைனும் இல்லாத டொமைனும் இரண்டு ஒரிஜின்கள். கடைக்கு ஒரு சப்டொமைன், கட்டணத்துக்கு ஒரு சப்டொமைன் என்றால் அவையும் வேறு வேறு. உங்கள் செயலியில் சில லிங்க்குகள் மூன்று டபிள்யூவுடனும் சில அது இல்லாமலும் எழுதியிருந்தால், சில நேரம் முழு முகவரி, சில நேரம் டொமைன் மட்டும் என்ற கதைக்கு அதுவே போதும். பார்க்க வேண்டிய முதல் இடம் அது.

பாலிசியை வைக்க வேண்டியது கிளம்பும் பக்கத்தில். வந்து சேரும் பக்கத்தில் ரெஃபரர்-பாலிசி ஹெடர் போட்டு முழு முகவரியை வரவழைக்க முடியாது. வெளியார் தளத்திலிருந்து வருபவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று அறியும் வாய்ப்பு அந்தத் தளத்தின் கையில்தான் இருக்கிறது. விளம்பரம், செய்திமடல் போன்றவற்றுக்கு யூடிஎம் குறிகளை (எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் அளவுருக்களை) லிங்க்கிலேயே சேர்ப்பது இதனால்தான். நீளத்துக்கும் ஓர் எல்லை உண்டு: ரெஃபரர் 4096 எழுத்தைத் தாண்டினால் பிரவுசர் அதை ஒரிஜினாக வெட்டிவிடும். ஏகப்பட்ட ஃபில்டர்களை க்வெரியில் வைக்கும் அறிக்கைப் பக்கங்களில் இது நடக்கும்.

ரீடைரக்ட் நடந்தால் ரெஃபரர் மாறாது என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். பட்டியலில் ஒரு லிங்க்கைக் கிளிக் செய்கிறார், விவரப் பக்கம் லாகின் கேட்டு 302 (ரீடைரக்ட் பதில்) அனுப்புகிறது, லாகின் பக்கம் திறக்கிறது. லாகின் பக்கத்துக்கு வரும் ரெஃபரர் பட்டியலின் முகவரி. அவரை அங்கே தள்ளிய விவரப் பக்கத்தின் முகவரி அல்ல. லாகினுக்குப் பிறகு ரெஃபரரைப் பார்த்துத் திருப்பி அனுப்பும் நிரல் இதனால்தான் எப்போதும் ஒரு படி பின்னால் கொண்டுபோய் விடுகிறது. ஏஎஸ்பி.நெட்டின் ஃபார்ம்ஸ் ஆத்தென்டிகேஷன் ‘ரிட்டர்ன்யூஆர்எல்’ என்ற அளவுருவைச் சேர்ப்பதும், ஜாங்கோ ‘நெக்ஸ்ட்’ சேர்ப்பதும், ஸ்பிரிங் செக்யூரிட்டி கோரிக்கையையே செஷனில் சேமிப்பதும் இந்தச் சிக்கலுக்காகத்தான்.

முகவரியை நீங்களே எடுத்துச் செல்வது

பட்டியல் பக்கத்தில் ஒவ்வொரு லிங்க்கையும் கட்டும்போது, தன் முகவரியை அளவுருவாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வெப் ஃபார்ம்ஸில் ரிக்வெஸ்ட்.ராயூஆர்எல் பாதையையும் க்வெரியையும் சேர்த்துத் தரும். அதை என்கோட் செய்யாமல் (சிறப்புக் குறிகளைச் சதவீதக் குறி வடிவுக்கு மாற்றாமல்) ஒட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். பட்டியலின் முகவரி இது:

/பட்டியல்?பக்கம்=3&வரிசை=தேதி

அப்படியே ஒட்டிய லிங்க் இது:

/விவரம்?எண்=1042&திரும்பு=/பட்டியல்?பக்கம்=3&வரிசை=தேதி

சர்வர் இதைப் பிரிக்கும்போது ‘திரும்பு’ என்பதன் மதிப்பு ‘/பட்டியல்?பக்கம்=3’ என்பதோடு நின்றுவிடும். ‘வரிசை’ விவரப் பக்கத்தின் தனி அளவுருவாகப் பிரிந்துபோகும். பயனர் மூன்றாம் பக்கத்துக்குச் சரியாகத் திரும்புவார், ஆனால் வரிசை மாறியிருக்கும். இந்த வகைப் பிழை சோதனையில் தப்பிவிடுகிறது, ஏனென்றால் ஒற்றை அளவுருவோடு சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஒட்டும் முன் மதிப்பு முழுவதையும் யூஆர்ஐ.எஸ்கேப்டேட்டாஸ்ட்ரிங் வழியாக ஒருமுறை, ஒரே ஒருமுறை, என்கோட் செய்யுங்கள்.

தமிழில் பாதையோ தேடல் சொல்லோ இருந்தால் நீளத்தையும் கணக்கில் வையுங்கள். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல்லில் அப்படி 5 புள்ளிகள், ஆக 15 பைட். சதவீதக் குறியோடு எழுதினால் 45 எழுத்து. ஏற்கெனவே என்கோட் ஆன முகவரியை அளவுருவில் வைக்க இன்னொரு முறை என்கோட் செய்தால் அதுவே 75 ஆகும். ஏஎஸ்பி.நெட்டில் க்வெரி ஸ்ட்ரிங்கின் இயல்பு எல்லை 2048. நீளமான தமிழ்த் தேடல் ஒன்றைத் திரும்பு முகவரியாக வைத்தால் இந்த எல்லையைத் தொடுவது கடினமே அல்ல; தொட்டால் 400 பிழை. ஐஐஎஸ்ஸின் ரிக்வெஸ்ட் ஃபில்டரிங் முந்திக்கொண்டால் 404.15. வெப்.கான்ஃபிக்கில் இரண்டு இடத்திலும் எல்லையை உயர்த்தலாம். ஆனால் தேடல் நிலையைச் சர்வரில் ஒரு சிறு எண்ணோடு சேமித்து, அந்த எண்ணை மட்டும் அனுப்புவதே நல்லது.

திரும்பு முகவரிக்குள் இன்னொரு திரும்பு முகவரி புகுந்துகொள்வதும் உண்டு. ராயூஆர்எல்லை எடுக்கும் பக்கத்திலேயே ‘திரும்பு’ அளவுரு இருந்தால், ஒவ்வொரு முறை பக்கம் மாறும்போதும் முகவரி நீண்டுகொண்டே போகும். எடுக்கும்போதே அந்த அளவுருவை உருவிவிட்டு எடுங்கள். போஸ்ட் கோரிக்கையின் முகவரியையும் திரும்பு முகவரியாக வைக்காதீர்கள். அங்கே திரும்பும் கோரிக்கை ‘கெட்’ வகையாக இருக்கும். போஸ்ட்டை மட்டும் ஏற்கும் முகவரி 405 என்று தள்ளிவிடும்.

வெளியிலிருந்து வரும் முகவரிக்கு ரீடைரக்ட் செய்கிறீர்கள் என்பதால் சரிபார்ப்பு கட்டாயம். சரிபார்க்காவிட்டால், உங்கள் டொமைனில் தொடங்கும் லிங்க்கை மோசடிக்காரர் மெயிலில் அனுப்பி, லாகினுக்குப் பிறகு பயனரைத் தன் போலித் தளத்துக்கு இழுத்துக்கொள்வார். ஏஎஸ்பி.நெட் எம்விசியிலும் கோரிலும் யூஆர்எல்.இஸ்லோக்கல்யூஆர்எல் இருக்கிறது, கோரில் லோக்கல்ரீடைரக்ட்டும் உண்டு. ஜாங்கோ 3.0 முதல் ‘யூஆர்எல்_ஹேஸ்_அலவுட்_ஹோஸ்ட்_அண்ட்_ஸ்கீம்’ இருக்கிறது. வெப் ஃபார்ம்ஸில் நீங்களே எழுதுவதானால் விதி இது: முதல் எழுத்து சாய்கோடாக இருக்க வேண்டும், இரண்டாவது எழுத்து சாய்கோடாகவோ பின்சாய்கோடாகவோ இருக்கக் கூடாது, டேப், புதுவரி போன்ற கட்டுப்பாட்டு எழுத்து எங்கேயும் இருக்கக் கூடாது. இரட்டைச் சாய்கோட்டில் தொடங்குவதைப் பிரவுசர் வேறு டொமைனாக எடுத்துக்கொள்ளும். பின்சாய்கோட்டைச் சாய்கோடாகவே படிக்கும். டேப்பையும் புதுவரியையும் சத்தமில்லாமல் நீக்கிவிடும் என்பதால், இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே டேப் வைத்து எளிய சோதனையைத் தாண்டிவிடலாம். ‘நம் டொமைன் பெயரில் தொடங்குகிறதா’ என்று ஸ்ட்ரிங்கின் முன்பகுதியை மட்டும் ஒப்பிடுவதும் தவறு. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து வேறு டொமைனை ஒட்டிவிடலாம்.

என் பரிந்துரை இன்னும் எளியது. வரக்கூடிய இடங்கள் பட்டியல், தேடல், அறிக்கை என்று மூன்றே என்றால், முகவரியை அனுப்பவே வேண்டாம். ‘இடம்=தேடல்’ என்று ஒரு குறியை மட்டும் அனுப்பி, எந்தக் குறிக்கு எந்த முகவரி என்ற அட்டவணையைச் சர்வரில் வையுங்கள். அட்டவணையில் இல்லாத குறி வந்தால் பட்டியலுக்கு அனுப்புங்கள். ஏமாற்றுவதற்கு அங்கே எதுவும் மிஞ்சாது, நீளத் தொல்லையும் இல்லை. மேலே சொன்ன சுழலும் தீரும், திருத்தும் பக்கம் அந்தக் குறியை அப்படியே கடத்தினால் போதும்.

செஷனில் கடைசிப் பக்கத்தை வைப்பது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. லாராவெல்லின் முந்தைய முகவரி முறையும் முதலில் ரெஃபரரைப் பார்த்து, இல்லையென்றால் செஷனைத்தான் பார்க்கிறது. ஒரு டேப்புக்குச் சரி. இரண்டு டேப்பில் வேலை செய்பவருக்கு, இரண்டாவது டேப்பில் கடைசியாகத் திறந்த பக்கம் முதல் டேப்பின் ‘திரும்பு’ முகவரியாகிவிடும். அலுவலகச் செயலிகளில் எல்லோரும் பல டேப் திறந்துதான் வைத்திருப்பார்கள். அதனால் ‘திரும்பு’ பட்டனுக்கு இதை நான் ஏற்பதில்லை.

சர்வருக்குள்ளேயே பக்கம் கைமாறும் இடங்களில் மட்டும் வேறு வழி இருக்கிறது. சர்வர்.டிரான்ஸ்ஃபர் செய்தாலோ, பட்டனின் போஸ்ட்பேக்யூஆர்எல் வழியாக வேறு பக்கத்துக்குப் போஸ்ட் செய்தாலோ, பிரீவியஸ்பேஜ் பிராப்பர்ட்டியில் முந்தைய பக்கமே பொருளாகக் கிடைக்கும். அதன் கன்ட்ரோல்களைக்கூடப் படிக்கலாம். ரெஸ்பான்ஸ்.ரீடைரக்ட்டுக்கு இது காலிதான்.

பாதுகாப்பு வேலைக்கு ரெஃபரர்

வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட்டைத் தடுக்க ரெஃபரரை மட்டும் நம்பாதீர்கள். கர்ல் கட்டளையில் ‘-இ’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் யாரும் எந்த ரெஃபரரையும் எழுதி அனுப்பலாம். பிரவுசர் வழியாக வரும் போலிப் படிவங்களுக்கு சிஎஸ்ஆர்எஃப் டோக்கன்தான் (சர்வர் தன் படிவத்தில் வைத்து அனுப்பும் ரகசிய மதிப்பு) பாதுகாப்பு. துணைக்கு ஒரிஜின் ஹெடரையும் செக்-ஃபெட்ச்-சைட் ஹெடரையும் பார்க்கலாம். பின்னது சேம்-ஒரிஜின், சேம்-சைட், கிராஸ்-சைட், நன் என்ற நான்கில் ஒன்றைச் சொல்லும். முகவரியைத் தட்டியோ புக்மார்க்கிலோ வந்தால் ‘நன்’. முழு முகவரி வேண்டாம், உள்ளிருந்து வந்தாரா வெளியிலிருந்து வந்தாரா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றால் ரெஃபரரைவிட இது தெளிவு. எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே வரும், சஃபாரியில் 16.4 பதிப்பிலிருந்துதான் உண்டு.

பாதுகாப்பு என்று நினைத்துத் தளம் முழுக்க ‘நோ-ரெஃபரர்’ பாலிசி போட்டுவிட்டு, ஜாங்கோவில் எல்லாப் படிவமும் 403 தருகிறது என்று திகைப்பவர்கள் உண்டு. அந்தப் பாலிசியில் போஸ்ட்டின் ஒரிஜின் ஹெடரும் ‘நல்’ என்ற சொல்லாக மாறிவிடும், ஜாங்கோவின் சிஎஸ்ஆர்எஃப் சோதனை தோற்கும். ‘சேம்-ஒரிஜின்’ போட்டால் படிவங்கள் வேலை செய்யும், வெளியே எதுவும் கசியாது. கடவுச்சொல் மாற்றும் லிங்க் போல ரகசிய டோக்கன் யூஆர்எல்லிலேயே இருக்கும் பக்கத்துக்கு இந்தப் பாலிசியைத் தவறாமல் போடுங்கள். அந்தப் பக்கத்தை ‘அன்சேஃப்-யூஆர்எல்’ பாலிசியில் ஓடவிட்டால், அதில் ஏற்றும் ஒவ்வொரு வெளி ஸ்கிரிப்ட்டின் சர்வருக்கும் டோக்கன் போய்ச்சேரும்.

ரெஃபரரைப் பக்கத்தில் லிங்க்காக அச்சிடுவதானால் எச்டிஎம்எல் எஸ்கேப் செய்யுங்கள், ஸ்கீம் எச்டிடிபியோ எச்டிடிபிஎஸ்ஸோ என்றும் பாருங்கள். நிர்வாகியின் அறிக்கைப் பக்கத்தில் ரெஃபரரை அப்படியே கொட்டும் நிரல்களில்தான் இந்த ஓட்டை அதிகம்.

இன்னொரு சிக்கல் ரிவர்ஸ் பிராக்சிக்கு, அதாவது கோரிக்கையை முதலில் வாங்கிச் செயலிக்குக் கடத்தும் எஞ்ஜின்எக்ஸ் போன்ற சர்வருக்கு, பின்னால் ஓடும் செயலிகளில் வரும். ரெஃபரரின் ஹோஸ்ட்டைக் கோரிக்கையின் ஹோஸ்ட்டோடு ஒப்பிட்டு ‘நம் தளமா’ என்று பார்க்கும் நிரல், எஞ்ஜின்எக்ஸுக்குப் பின்னால் வைத்ததும் எப்போதும் ‘இல்லை’ என்று சொல்லும். செயலிக்குத் தெரியும் ஹோஸ்ட் உள் முகவரி, ஸ்கீம் வெறும் எச்டிடிபி. ரெஃபரரில் இருப்பதோ வெளி டொமைனும் எச்டிடிபிஎஸ்ஸும். பிராக்சியில் ஹோஸ்ட் ஹெடரையும் எக்ஸ்-ஃபார்வர்டெட்-ப்ரோட்டோவையும் கடத்தச் சொல்லுங்கள். அதைவிட, ஏற்கும் டொமைன்களின் பட்டியலை கான்ஃபிக்கில் எழுதி அதோடு ஒப்பிடுவது உறுதியானது. ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ போன்ற தமிழ் டொமைன்கள் இருந்தால் ஹோஸ்ட் தமிழ் எழுத்தில் வராது, ‘எக்ஸ்என்--’ என்று தொடங்கும் பியூனிகோடாக வரும். கான்ஃபிக்கிலும் அந்த வடிவத்திலேயே எழுதுங்கள்.

சோதிக்கும்போது பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேபைத் திறந்து, ‘பிரிசர்வ் லாக்’ குறியைப் போட்டுக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் முந்தைய பக்கத்தின் வரிகள் மறைந்துவிடும். ஆவணக் கோரிக்கையைக் கிளிக் செய்தால் உண்மையில் அனுப்பிய ரெஃபரரும், நடைமுறையில் இருந்த பாலிசியும் அங்கேயே தெரியும். சர்வர் பக்கம் அப்பாச்சியின் கம்பைன்ட் லாகிலும் எஞ்ஜின்எக்ஸின் அதே பெயர் ஃபார்மட்டிலும் ரெஃபரர் இருக்கும், வராதபோது ஒரு சிறுகோடு. லாகில் சிறுகோடு இருந்தால் பிரவுசரே அனுப்பவில்லை. லாகில் முகவரி இருந்து நிரலில் காலி என்றால் ஹெடர் பெயரின் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள், அல்லது நடுவில் இருக்கும் பிராக்சி அந்த ஹெடரை நீக்குகிறதா என்று பாருங்கள்.